இதோ, ஒரு மணி நேரம்!

"ஒரு மணி நேர வேலைதானம்மா. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் முடிந்தது!"

பள்ளிக்கூடத்துக்கோ கல்லூரிக்கோ போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த வாசகம் வாரத்துக்கு நாலு தடவையாவது ஒலிக்காமல் இருக்காது. சொல்கிறபோது பிள்ளை பொய் சொல்லவில்லை. கேட்கிறபோது அம்மா நம்பவும் இல்லை. இரவு பதினொன்றரை மணிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பிராக்டிகல் ரிக்கார்டில் தவளையின் படம் இரண்டு காலோடு நிற்கும். ரப்பரைக் காணோம் என்று ஒரு ரகளை. பென்சில் முனை ஒடிந்துவிட்டது என்று இன்னொரு ரகளை. மறுநாள் காலையில் பஸ் வருகிற வரையில், முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு மீதிப் பக்கத்தை நிரப்புகிற பிள்ளைகளை எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் நீங்கள் பார்க்கலாம்.

பார்த்துவிட்டு நாம் சொல்லுகிற தீர்ப்பு ஒன்றுதான்: "சோம்பேறி!" கொஞ்சம் கோபம் ஏறினால், "புளுகு மூட்டை!"

இந்த வாரம் அந்தத் தீர்ப்பை அப்பீலுக்கு எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளின் கட்சியைப் பேச இரண்டு மூன்று பெரிய சாட்சிகள் இருக்கிறார்கள். அவர்களை விசாரித்த பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதல் சாட்சி கனடா தேசத்திலிருந்து வருகிறது. ரோஜர் பியூலர் என்பவரும் அவருடைய தோழர்கள் இருவரும் 1994-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த 37 மாணவர்கள். அத்தனை பேரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி முடிக்க வேண்டியவர்கள். அவர்களிடம், "எத்தனை நாளில் முடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். "எல்லாம் நல்லபடியாக நடந்தால்?" 27 நாள். "சரி, என்னென்ன கெடுதல் வரக்கூடுமோ அத்தனையும் வந்துவிட்டால்?" யோசித்துப் பார்த்து, 49 நாள் என்றார்கள்.

முடிக்க ஆன நாள் எவ்வளவு தெரியுமா? சராசரி 55 நாளுக்கும் மேல்! அதாவது, "கிரகம் எல்லாம் கெட்டால்" என்று போட்ட கணக்கையும் தாண்டிப் போய்விட்டது. தாங்கள் சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்துப் பேரில் மூன்று பேர்கூட இல்லை.

இவர்கள் சோம்பேறிகள் அல்ல. கடைசி வருஷம் வரை வந்து, ஆய்வுக் கட்டுரை எழுதத் தகுதி பெற்ற கெட்டிக்காரப் பிள்ளைகள். பொய் சொல்லி அவர்களுக்கு ஆகப்போகிற லாபமும் ஒன்றுமில்லை.

"சின்னப் பிள்ளைகள்தானே! அனுபவம் போதாது" என்று சொல்வீர்கள். நல்லது, இரண்டாவது சாட்சியைக் கூப்பிடுவோம். இவர் பெயர் டேனியல் கானெமன். மனித மனம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், 2024-ல் காலமானார். தமக்கும் தம் சிநேகிதர்களுக்கும் நேர்ந்ததைத் தம்முடைய புத்தகத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

1970-களில் இஸ்ரேல் தேசத்தில் உயர்நிலைப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு பாடப்புத்தகம் எழுத ஒரு குழு சேர்ந்தது. எதைப் பற்றிய புத்தகம்? சரியாக யோசித்து முடிவெடுப்பது எப்படி என்பதைப் பற்றி! ஒரு வருஷம் வேலை நடந்தது. ஒரு நாள் கானெமன், "இன்னும் எத்தனை காலம் ஆகும்? ஆளுக்கு ஒரு சீட்டில் எழுதுங்கள்" என்றார். எல்லாச் சீட்டும் இரண்டு வருஷத்தைச் சுற்றியே இருந்தன. பிறகு, குழுவில் இருந்த பாடத்திட்ட நிபுணரைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்டார்: "இந்த மாதிரிக் குழுக்கள் பலவற்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களே, அவர்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று?"

நிபுணர் சற்று மௌனமாக இருந்தார். முகம் சிவந்துவிட்டதாம். "பத்துக்கு நாலு குழுக்கள் முடிக்கவே இல்லை. முடித்தவர்களுக்கும் ஏழு வருஷத்துக்குக் குறைந்து ஆனதில்லை, பத்து வருஷத்துக்கு மேலும் போகவில்லை" என்றார். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவும் தெரிந்த அந்த நிபுணரும் தம்முடைய சீட்டில் இரண்டு வருஷத்தை ஒட்டித்தான் எழுதியிருந்தார்! புத்தகம் முடிய எட்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் கல்வி மந்திரி இலாகாவுக்கு உற்சாகம் வடிந்துபோய், புத்தகம் வகுப்புக்கே போகவில்லை.

இந்தக் குணத்துக்கு 1979-ல் பெயர் வைத்தவர்கள் கானெமனும் அவருடைய தோழர் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும். தமிழில் நாம் "திட்டப் பிழை" என்று சொல்லிக்கொள்ளலாம்.

அயல் நாட்டுச் சங்கதி வேண்டாம், நம் ஊர்ச் சாட்சி உண்டா என்றால், உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியைப் பண்டிதர்கள் இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள். அந்த வேலை 1913-ல் நம் மதுரையில்தான் தொடங்கியது. பாதிரியார் சாண்ட்லர் முதல் பதிப்பாசிரியர். பிறகு அலுவலகம் சென்னைக்குப் போயிற்று, ஆசிரியர்கள் மாறினார்கள். முதல் பகுதி அச்சாகி வந்தது 1924-ல். ஆறாவது தொகுதி முடிந்தது 1936-ல். அப்போது ஆசிரியராக இருந்து முடித்துக் கொடுத்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. அதற்கும் அனுபந்தம் வர 1939 ஆயிற்று. ஒரு லட்ச ரூபாய்க்குள் முடியும் என்று தொடங்கிய செலவு நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

வெள்ளைக்காரரின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. ஆக்ஸ்போர்டு இங்கிலீஷ் அகராதியைப் பத்து வருஷத்தில் முடித்துத் தருவதாக 1879-ல் ஜேம்ஸ் மர்ரே ஒப்பந்தம் செய்துகொண்டார். ஐந்து வருஷம் கழித்து முதல் பகுதி வந்தபோது அது 'ஏ' எழுத்தில் தொடங்கி, எறும்புக்கு இங்கிலீஷில் சொல்வார்களே 'ஆன்ட்' என்று, அதுவரைக்கும்தான் ஊர்ந்திருந்தது! மர்ரே 1915-ல் மறைந்தார். அகராதி முடிந்தது 1928-ல்.

மகா பண்டிதர்களுக்கே இந்த கதி என்றால், ஒன்பதாம் வகுப்புப் பையன் தவளைப் படத்துக்கு ஒரு மணி நேரம் என்று சொன்னதில் என்ன ஆச்சரியம்?

ஆனால், எல்லாரும் செய்கிற பிழை என்பதால் அதைப் பிழை இல்லை என்று விட்டுவிட முடியாது. ஏன் வருகிறது என்று பார்க்கலாம்.

ஒரு வேலையை நினைக்கும்போது நம் மனத்தில் ஒரு சினிமா ஓடுகிறது. நோட்டைத் திறக்கிறோம், எழுதுகிறோம், மூடுகிறோம், சுபம்! அந்தச் சினிமாவில் கரண்ட் போவதில்லை. மாமா வருவதில்லை. கைப்பேசி சிணுங்குவதில்லை. பேனாவில் மை தீர்வதில்லை. ஒவ்வோர் இடையூறும் தனியாகப் பார்த்தால் "அது எங்கே வரப்போகிறது" என்றுதான் தோன்றும். ஆனால் பத்து இடையூறுகளில் ஏதாவது ஒன்று நிச்சயம் வந்து சேர்ந்துவிடும். எது என்றுதான் தெரியாது.

இரண்டாவது காரணம், போன தடவை தாமதமானதற்கு நாம் சொல்லிக்கொள்கிற சமாதானம். "போன மாதம் ஜுரம் வந்தது, அதனால் லேட். அதற்கு முன்பு அக்கா கல்யாணம், அதனால் லேட். இந்த மாதம் ஜுரமும் இல்லை, கல்யாணமும் இல்லை!" சரிதான். ஆனால் இந்த மாதத்துக்கென்று கோயில் திருவிழா ஒன்று இருக்குமே!

மூன்றாவது காரணம் மிகவும் நுட்பமானது. வேலை பிடிக்கிற நேரம் வேறு. வேலை முடிகிற நேரம் வேறு. கணக்கு நோட்டில் பயிற்சி ஒன்றைச் செய்ய உண்மையிலேயே ஒரு மணி நேரம் போதலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் ஏழிலிருந்து எட்டு வரை ஒரே துண்டாகக் கிடைக்கிறதா? ஏழில் பத்து நிமிஷம், எட்டரையில் கால் மணி, பத்து மணிக்கு மேல் தூக்கக் கலக்கத்தில் மீதி என்று கிடைத்தால், அது ஒரு மணி நேரம் ஆகாது.

இந்த இடத்தில் உங்களைச் சித்தையன்கோட்டைக்கு அழைத்துப் போகிறேன். திண்டுக்கல் ஜில்லாவில், ஆத்தூர் தாலுகாவில், செம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பேரூராட்சி. காந்திகிராமத்திலும் திண்டுக்கல்லிலும் கல்லூரிகள் இருக்கின்றன. காலையில் பஸ் ஏறினால் வகுப்புக்குப் போய்விடலாம். அங்கே ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் ஓர் அண்ணன், ஒரு தங்கை. இரண்டு பேரும் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை என்றே வைத்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய கட்டுரை. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், "மூன்று மணி நேர வேலை" என்கிறார்கள். அண்ணன் பத்து மணிக்கு உட்காருகிறான். நடுவில் சிநேகிதன் கூப்பிட, கடைத்தெரு வரை போய் வருகிறான். மாலை நாலுக்கு முடிக்கிறான். மூன்று மணி ஆறு மணி ஆயிற்று. அவன் தப்பு, அவனே திருத்திக்கொள்ள வேண்டும்.

தங்கையின் ஞாயிற்றுக்கிழமை வேறு. பத்து மணிக்கு அவளும் உட்காருகிறாள். "பாப்பா, அடுப்பைக் கொஞ்சம் பாரும்மா!" எழுந்திருக்கிறாள். "குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தை எடு!" எழுந்திருக்கிறாள். "சித்தி வந்திருக்கிறாள், காப்பி போடு!" "தம்பிக்குத் தலை வாரி விடு!" ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷ வேலைதான். ஐந்து நிமிஷம் எழுந்து போனவள் திரும்பி வந்து, எந்த வரியில் விட்டோம் என்று தேடி, நினைப்பைச் சேர்த்துக் கட்ட இன்னொரு ஐந்து நிமிஷம். இரவு எல்லாரும் படுத்த பிறகுதான் அவளுக்கு முதல் முழு மணி நேரம் கிடைக்கிறது. கட்டுரை முடியவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அவள் தலை குனிந்து நிற்கிறாள்.

இரண்டு பேருக்கும் ஒரே பேர் வைக்கலாமா, சொல்லுங்கள்? அண்ணன் தன் நேரத்தைத் தப்பாக அளந்தான். தங்கை அளந்த நேரம் அவளுடையதாகவே இல்லை.

இது நம் கற்பனை வீடு. ஆனால் கணக்கு கற்பனையல்ல. மத்திய சர்க்கார் 2024-ல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிஷம் அதில் செலவிடுகிறார்கள் என்றும், ஈடுபடுகிற ஆண்கள் 88 நிமிஷம் என்றும் கண்டார்கள். வித்தியாசம் 201 நிமிஷம். மூன்று மணி இருபத்தொரு நிமிஷம். ஒரு முழுப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, வீடு திரும்பப் பஸ்ஸுக்கும் வந்துவிடலாம்!

அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படிக்கட்டும் என்று 2022-ல் தமிழ்நாட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. சர்க்கார் பணம் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரத்தை எந்த சர்க்காரும் கொடுக்க முடியாது. அதை அம்மாவும் அப்பாவும் அண்ணனும்தான் கொடுக்க வேண்டும். "இவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று சொல்லிப் படிப்பை நிறுத்துவதற்கு முன்னால், அந்தப் பெண் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

சரி, பரிகாரம் என்ன? பரிகாரம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

கல்யாணச் சமையல்காரரைப் பாருங்கள். "ஐந்நூறு இலை" என்று நீங்கள் சொன்னதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, வரப்போகிறவர்களின் பசியைக் கற்பனை செய்வதில்லை. போன முகூர்த்தத்தில் ஐந்நூறு இலைக்கு எவ்வளவு அரிசி வெந்தது, எத்தனை தேங்காய் உடைந்தது என்பதைப் பார்த்துப் பட்டியல் எழுதுகிறார். விவசாயியைப் பாருங்கள். ஆடுதுறை 36 என்ற நெல்லை விதைத்தால் சுமார் 110 நாள் என்பது அவருக்குத் தெரியும். "இந்த வருஷம் எனக்கு உற்சாகம் அதிகம், எண்பது நாளில் அறுத்துவிடுவேன்" என்று அவர் சொல்வதுண்டா? சின்னாளபட்டித் தறிக்காரரிடம் புடவைக்கு நாள் கேளுங்கள். போன புடவைக்கு ஆன நாளைச் சொல்லுவார். இவர்கள் யாரும் ஆசையைக் கேட்டுக் கணக்குப் போடவில்லை. அனுபவத்தைக் கேட்டுப் போடுகிறார்கள்.

கானெமன் அந்தக் குழுவில் கேட்ட இரண்டாவது கேள்வியும் இதுதான். "எத்தனை நாளில் முடிப்பாய்?" என்று கேட்காதீர்கள். "போன தடவை எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேளுங்கள்.

கேட்டால் மட்டும் போதாது. பியூலரின் இன்னொரு சோதனையில், பழைய அனுபவத்தை வெறுமனே நினைவுபடுத்திய மாணவர்கள் மறுபடியும் ஆசைக் கணக்கைத்தான் போட்டார்கள். "அந்த அனுபவத்தின்படி பார்த்தால் இந்த வேலை எப்போது முடியும்?" என்று இரண்டையும் முடிச்சுப் போடச் சொன்னபோதுதான் கணக்குச் சரிப்பட்டது.

ஆகவே இன்றைக்கே ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். பத்து ரூபாய் நோட்டு போதும். பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டு, இடது பக்கம் "நினைத்தது", வலது பக்கம் "ஆனது" என்று எழுதட்டும். எதையும் தொடங்குவதற்கு முன் நினைத்த நேரம். முடித்த பிறகு ஆன நேரம். பத்து நாள் இப்படி எழுதிவிட்டு இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இடது பக்கம் 12 மணி, வலது பக்கம் 21 மணி என்று வைத்துக்கொள்வோம். 21-ஐ 12-ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால். அதுதான் அந்தப் பிள்ளையின் 'பெருக்கு எண்'. இனிமேல் "ஒரு மணி நேரம்" என்றால் ஒன்றே முக்கால் மணி என்று வீட்டில் எல்லாரும் புரிந்துகொள்ளலாம். சண்டை பாதி குறைந்துவிடும்.

இன்னொன்று, வேலையைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கறிகாய்க் கடைக்குப் போகும்போது "சாமான்" என்று ஒரே வார்த்தை எழுதிக்கொண்டு போகிறோமா? "கட்டுரை" என்பதும் அப்படித்தான். புத்தகம் தேடுவது, படிப்பது, குறிப்பு எடுப்பது, முதல் நகல் எழுதுவது, படம் வரைவது, நல்ல நகல் எழுதுவது, அட்டை போடுவது என்று ஏழு வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டால், மூன்று மணி தானாகவே ஆறு மணி ஆகும். இப்படிப் பிரித்துப் பார்த்தால் மதிப்பீடு உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது என்பதை 2004-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் சோதித்தும் காட்டியிருக்கிறார்கள்.

எப்போது, எங்கே உட்காரப் போகிறோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஜெர்மனியில் ஒரு சோதனை நடந்தது, 1997-ல் வெளியாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையை எப்படிக் கழித்தோம் என்று, இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். பண்டிகைச் சந்தடியில் எழுதுவது லேசா? சிலரிடம் மட்டும், "எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவாய் என்று இப்போதே குறித்துக்கொள்" என்றார்கள். குறித்தவர்களில் நாலில் மூன்று பங்கு பேர் அனுப்பினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே, "தீபாவளி லீவில் எழுதிவிடுவேன்" என்று சொல்லுகிற பிள்ளையிடம், "தீபாவளிக்கு மறுநாள், காலை ஆறரை மணி, திண்ணையில்" என்று எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? தாராளமாக ஒரு மாதம் கொடுத்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். கூடாது! 1950-களில் சிங்கப்பூரில் சரித்திரப் பேராசிரியராக இருந்த பார்க்கின்சன் 1955-ல் ஒரு விதியைச் சொன்னார்: கிடைக்கிற நேரம் முழுவதையும் நிரப்பிக்கொள்கிற அளவுக்கு வேலை வளர்ந்துகொண்டே போகும். வேறு ஜோலி இல்லாத பாட்டியம்மாள் ஒரு கார்டு எழுதிப் போட ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொள்வாராம். கார்டைத் தேட ஒரு மணி, மூக்குக் கண்ணாடியைத் தேட ஒரு மணி! மாதக் கடைசியில் ஒரே கெடு வைப்பதைவிட வாரத்துக்கு ஒரு சின்னக் கெடு வைப்பது மேல். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2002-ல் வெளிவந்த சோதனை ஒன்றில், மூன்று கட்டுரைகளுக்குச் சம இடைவெளியில் ஆசிரியரே கெடு வைத்த வகுப்பு, தங்கள் கெடுவைத் தாங்களே தேர்ந்தெடுத்த வகுப்பைவிட நல்ல மார்க் வாங்கியது.

பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் எழுத மூன்று மணி, 180 நிமிஷம். நூறு மார்க் தாள் என்றால் ஒரு மார்க்குக்கு ஒன்றே முக்கால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். எட்டு மார்க் கேள்விக்குப் பதினாலு நிமிஷம். "நன்றாகத் தெரிந்த கேள்வி, அழகாக எழுதுவோம்" என்று அதிலே அரை மணி உட்கார்ந்தால், கடைசியில் தெரிந்த கேள்வி இரண்டு எழுதாமல் நின்றுவிடும். கேள்வித்தாளைப் படிக்க முதலில் கொடுக்கிற பத்து நிமிஷம் இருக்கிறதே, அதில் வேடிக்கை பார்க்காமல், எந்தக் கேள்விக்கு எத்தனை நிமிஷம் என்று மனத்துக்குள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலேயே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, எட்டு மார்க் பதில் ஒன்றை எழுதிப் பாருங்கள். உங்கள் கை எவ்வளவு வேகம் என்பது பரீட்சை மண்டபத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரம் அல்ல.

பெற்றோர்களுக்கும் ஒன்று. பிறர் வேலையை மதிப்பிடும்போது நமக்குக் கண் நன்றாகத் தெரியும். பியூலரின் சோதனையில்கூட, பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அவ்வளவு ஆசைக் கணக்குப் போடவில்லை. தேவைக்கு மேலேயே நாள் சொன்னார்கள். ஆகையால் அம்மாவின் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஆனால் "நீ எங்கே முடிக்கப்போகிறாய்!" என்பதும் கொஞ்சம் மிகைதான். அதற்குப் பதிலாக, "போன தடவை எவ்வளவு நேரம் ஆச்சு, நோட்டைப் பார்த்துச் சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த நேரத்துக்கு அடுப்பையும் குடத்தையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் வீட்டில் சும்மாத்தானே இருக்கிறான்? காப்பி போடுவது பையன்களுக்கும் வரும்; அரை மணியில் கற்றுக்கொள்ளலாம்.

அரை மணி என்றா சொன்னேன்? நோட்டில் எழுதிவையுங்கள், முதல் நாள் ஒரு மணிக்குக் குறையாது!